மாத மளிகை எங்கே வாங்குவது: அண்ணாச்சி கடையா, சூப்பர் மார்க்கெட்டா, பத்து நிமிடச் செயலியா?

எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் தம்பதி, "அக்கா, இங்கே மளிகைக்கு எங்கே போவீங்க?" என்று கேட்டார்கள். சென்னை நங்கநல்லூரில் இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. தெருமுனையில் அண்ணாச்சி கடை இருக்கிறது. மெயின் ரோட்டில் ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. கையில் இருக்கும் போனில் மூன்று செயலிகள். ரேஷன் கார்டு இருந்தால் அது வேறு. எதில் எதை வாங்கினால் கட்டுப்படியாகும், எது தலைவலி இல்லாதது என்று அவர்களுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரிசி, பருப்பு, புளி, மிளகாய், வெல்லம் போன்ற சரக்கெல்லாம் அண்ணாச்சியிடம். சோப்பு, வாஷிங் பவுடர், பாக்கெட் எண்ணெய் போன்ற பிராண்டு பொருட்கள் சூப்பர் மார்க்கெட்டில், அதுவும் மாதம் ஒரு முறை. செயலி அவசரத்துக்கு மட்டும். பாசத்தால் இப்படிப் பிரிக்கவில்லை, கணக்குப் பார்த்துத்தான் பிரித்தேன். பாசம் கொஞ்சம் உண்டு, அதை மறைக்கவும் மாட்டேன்.

முதலில் விலை. எம்.ஆர்.பி. அச்சிட்டு வருகிற பொருட்களில் அண்ணாச்சியால் சூப்பர் மார்க்கெட்டோடு போட்டி போட முடியாது. பெரிய கடைகள் கம்பெனியிடமே லாரிக் கணக்கில் எடுக்கின்றன. அண்ணாச்சி அதே சோப்பை ஏஜென்சிக்காரரிடம் பெட்டிக் கணக்கில் எடுக்கிறார். அவருக்கு அதில் நிற்பதே சொற்பம், அதிலிருந்து நமக்குத் தள்ளுபடி எங்கிருந்து வரும்? நாலு கிலோ வாஷிங் பவுடர், பெரிய பற்பசை, ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் இதெல்லாம் பெரிய கடையில் எம்.ஆர்.பி.யை விட நன்றாகவே குறைத்துக் கிடைக்கும். இந்த ஒரு வகையில் தயங்க வேண்டியதே இல்லை.

ஆனால் ஷாம்பு வாங்கும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். பல பிராண்டுகளில் சாஷேயின் எம்.எல். கணக்கைப் பார்த்தால் பெரிய பாட்டிலை விட மலிவாக இருக்கும். பெரிதாக வாங்கினால்தான் லாபம் என்று நம் மனதில் பதிந்துவிட்டது, பாட்டிலின் முதுகைத் திருப்பிப் பார்ப்பதில்லை. சாஷேயில் ஷாம்பு விற்கிற வியாபாரம் கடலூர்ப் பக்கத்தில் முளைத்தது. 1983-ல் அங்கே தொடங்கிய சிக் ஷாம்பு அந்தச் சின்னப் பாக்கெட்டை வைத்துத்தான் பெரிய கம்பெனிகளோடு மோதியது. அண்ணாச்சி கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிறதே, அந்த வியாபாரத்தின் மிச்சம்தான் அது. சூப்பர் மார்க்கெட்டில் சாஷேயைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தலைமுடி காய்ந்துவிடும்.

சில்லறைச் சரக்கு என்று வந்தால் கணக்கு தலைகீழாகிறது. 2022 ஜூலை 18-லிருந்து, பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 25 கிலோ வரை 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. மூட்டையைப் பிரித்து அள்ளி நிறுத்துக் கொடுப்பதற்கு வரி இல்லை. அதனால்தான் அந்த ஆண்டு திடீரென்று கடைகளில் 26 கிலோ அரிசி மூட்டை வந்தது. அந்த ஒரு கிலோ நம் மீதுள்ள அன்பில் சேர்க்கப்பட்டதல்ல, 25-ஐத் தாண்டினால் வரி இல்லை என்பதற்காகச் சேர்ந்தது. சூப்பர் மார்க்கெட்டிலும் சில்லறையாக அள்ளிக்கொள்கிற தொட்டிகள் இருக்கும், அதற்கும் வரி இல்லைதான். ஆனால் பளபளவென்ற பாக்கெட்டில் 'பிரீமியம்' என்று எழுதிய துவரம்பருப்புக்கு வரியும் கொடுக்கிறீர்கள், பாக்கெட்டுக்கும் கொடுக்கிறீர்கள், அந்த 'பிரீமியம்' என்ற எழுத்துக்கும் கொடுக்கிறீர்கள்.

விலையை விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. சரக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற வேலையை யார் செய்கிறார்கள்? சூப்பர் மார்க்கெட்டில் நாம்தான் செய்ய வேண்டும். உளுந்துக்கு முன்னால் ஆறு பிராண்டு நிற்கும். எல்லாவற்றிலும் கோயில் கோபுரமோ, வாழையிலையில் இட்லியோ போட்டிருக்கும். எது போன வருஷத்து உளுந்து, எது இந்த அறுவடை என்று பாக்கெட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. அடைத்த தேதி இருக்கும், விளைந்த தேதி இருக்காது. பழைய உளுந்தை அரைத்தால் மாவு காணாது, இட்லி கல் மாதிரி வரும், அப்போதுதான் தெரியும்.

எங்கள் அண்ணாச்சி திசையன்விளைப் பக்கத்துக்காரர். ஒரு கிலோ உளுந்து கேட்டபோது, மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். அதில் ஒன்றை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். "இந்த மூட்டை வேண்டாம்மா, மாவு காணாது. அப்புறம் வீட்டுல எல்லாருமா சேர்ந்து என்னத்தான் ஏசுவீங்க. வியாழக்கிழமை புதுசு வருது, அதுவரைக்கும் கால் கிலோ மட்டும் கொண்டு போங்க" என்றார். தன் கடைச் சரக்கை வேண்டாம் என்று சொல்கிற வியாபாரியை வேறெங்கே பார்ப்பது? இதில் தியாகம் ஒன்றும் இல்லை. நாளைக்கும் நான் அந்த வழியாகத்தான் போவேன், அவரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். முகத்தைப் பார்த்தாக வேண்டும். சூப்பர் மார்க்கெட் கவுன்ட்டரில் பில் போடுகிற பெண்ணுக்கு அந்தக் கவலை இல்லை. அவளைக் குறை சொல்லவும் முடியாது, அந்த உளுந்தை அவள் வாங்கிப்போடவில்லை.

புளியிலும் இதே கதை. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது வருஷத்துக்கும் சேர்த்து வாங்கிக் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு ஜாடியில் அமுக்கி வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தச் சமயத்தில் "புளி வந்திருக்கு" என்று அண்ணாச்சியே சொல்லி அனுப்புவார். நிறம் கறுத்த பழைய புளியைக் குழம்பில் கரைத்தால் குழம்பும் கறுத்துப் போகும், அது அவருக்கும் தெரியும். அரிசியில் எதிர்ப்பக்கம், இங்கே பழசுக்குத்தான் மதிப்பு. புது அரிசி குழைந்துவிடும் என்பதால் "பழைய அரிசிதானே?" என்று கேட்டு வாங்குகிறோம். துவரம்பருப்புக்குக் கேள்வி வேறு, "வேகுமா?" என்பதுதான். இதில் எதற்கும் லேபிளில் இடம் இல்லை.

மிளகாயைச் சொல்லாமல் விட முடியாது. சாம்பாருக்குத் தாளிக்கக் குண்டு மிளகாய், தூளுக்கு அரைக்க நீட்டு மிளகாய். குண்டு வகையைச் சேர்ந்த ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பல தலைமுறைக்கு முன்பிருந்தே தென்மாவட்டத்துக் கடைக்காரர்களுக்கு எந்த மிளகாய் எதற்கு என்று அத்துப்படி. அரைக் கிலோ மிளகாய் கேட்டால் "அரைக்கவா, தாளிக்கவா?" என்று திருப்பிக் கேட்பார்கள். செயலியில் 'சிவப்பு மிளகாய், 100 கிராம்' என்று மட்டும் இருக்கும்.

கருப்பட்டி விஷயத்தில் அண்ணாச்சியின் ஊர்த் தொடர்பு நேராகப் பயன்படுகிறது. கருப்பட்டியில் சீனிப்பாகு கலப்பது சகஜமாகிவிட்ட காலம் இது. உடன்குடிப் பக்கத்திலிருந்து தெரிந்தவர் மூலம் வருகிற சரக்கு என்றால் அவர் குரலே மாறிவிடும். இல்லையென்றால், "இது காபிக்குப் போதும், மருந்துக்குன்னா வேண்டாம்" என்று உள்ளதைச் சொல்லிவிடுவார். விலை கூடத்தான். ஆனாலும் நான் அவரிடம்தான் வாங்குகிறேன்.

அளவு இன்னொரு விஷயம். ஐம்பது கிராம் சோம்பு, பத்து ரூபாய்க்குப் பொட்டுக்கடலை, இரண்டு முட்டை, ஒரே ஒரு மெழுகுவர்த்தி. இதையெல்லாம் மூஞ்சியைச் சுளிக்காமல் கொடுக்கிற இடம் அண்ணாச்சி கடை மட்டும்தான். சூப்பர் மார்க்கெட்டில் சோம்பு நூறு கிராம் பாக்கெட்டில் இருக்கும், இரண்டு பேர் இருக்கிற வீட்டில் அது வாசம் போகிற வரைக்கும் டப்பாவில் கிடக்கும். சின்னக் குடும்பத்துக்கு இப்படி வீணாவதைக் கணக்கில் சேர்த்தால், பெரிய கடைத் தள்ளுபடியில் பாதி போய்விடும். டப்பாவையும் மஞ்சப்பையையும் கொண்டு போனால் அதிலேயே நிறுத்துப் போட்டுத் தருவார் என்பது கூடுதல் வசதி.

அப்புறம் பற்று நோட்டு, அதாவது கடனுக்கு வாங்கியதை எழுதி வைக்கிற நோட்டு. மாதக் கடைசியில் சம்பளம் தாமதமானாலும் வீட்டில் அடுப்பு எரிவதற்கு அந்த நீள நோட்டுதான் காரணம். வட்டி இல்லை, கையெழுத்து இல்லை, அடையாள அட்டை கேட்பதில்லை. ஆனால் இதை ரொம்பவும் புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. பற்று எல்லோருக்கும் கிடைப்பதில்லை. சொந்த வீட்டுக்காரர், பல வருஷமாகக் குடியிருக்கிறவர், அரசு உத்தியோகத்தில் இருக்கிறவர் என்றால் உடனே பக்கம் திறக்கப்படும். கட்டட வேலைக்கு வடக்கிலிருந்து வந்து தங்கியிருக்கிற பையன்களுக்கு ரொக்கம்தான். நியாயமாகப் பார்த்தால் அவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை. 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்ற அட்டை யாருக்காகத் தொங்குகிறது என்று கவனித்தால் தெரியும்.

இன்னும் சில குறைகள் உண்டு, அவற்றையும் சொல்லிவிட வேண்டும். பில் தர மாட்டார்கள். சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் கூட்டிப் போடுவார்கள், கூட்டல் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், இருந்தாலும் திரும்பப் போய்க் கேட்க நம்மிடம் ஒன்றும் இருக்காது. மெதுவாக ஓடுகிற பிஸ்கட், நூடுல்ஸ் பாக்கெட்டுகள் அலமாரியின் மேல் தட்டில் தூசி படிந்து நிற்கும், தேதி பார்க்காமல் வாங்கக் கூடாது. சில கடைகளில் குளிர்பானத்துக்கு 'கூலிங் சார்ஜ்' என்றும், பால் பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் கூடுதல் என்றும் வாங்குவார்கள். எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை, அதற்கு மேல் வாங்குவது சட்டப்படி தவறு. கரண்ட் பில் ஏறிவிட்டது என்பது அதற்குப் பதில் ஆகாது. எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்க வேண்டும், அந்த முத்திரை இருக்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள். தகராறு முற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஆனால் தெருமுனைக் கடை விஷயத்தில் "என்ன அண்ணாச்சி இது?" என்று நேரில் கேட்பதே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

சமையல் எண்ணெய், மிளகாய்த் தூள், மஞ்சள் தூள் மூன்றையும் எந்தக் கடையிலும் பிரித்து அளந்து வாங்காதீர்கள். கலப்படம் சுலபம் என்பதால் இவற்றை அடைத்துத்தான் விற்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன. அண்ணாச்சி மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் சரி, அவருக்கே பீப்பாய்க்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. மிளகாயும் மஞ்சளும் முழுசாக வாங்கி மில்லில் கொடுத்து அரைப்பது உத்தமம்.

பெண்கள் அதிகம் வாய்விட்டுச் சொல்லாத குறை ஒன்று இருக்கிறது. அண்ணாச்சி கடையில் நாம் வாங்குவதெல்லாம் தெருவுக்கே தெரியும். நாப்கின் கேட்டால் பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, ஏதோ கடத்தல் சரக்கு மாதிரி கைமாற்றுவார்கள். தனியாகத் தங்கி வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி, "நான் ராத்திரி எத்தனை மணிக்கு பிரெட் வாங்கினேன் என்பது வீட்டு ஓனருக்குத் தெரிய வேண்டியதில்லையே" என்றாள். அவள் செயலியில் வாங்குவதற்கு அது போதுமான காரணம். வயதான மாமியாருக்கு விசாரிப்பாகத் தெரிகிற அதே "என்ன ரெண்டு நாளா காணோம்?" இளம்பெண்ணுக்கு வேவு பார்ப்பதாகத் தெரியலாம். இரண்டுமே உண்மைதான்.

செயலியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ராத்திரி பதினொரு மணிக்குக் குழந்தைக்கு டயப்பர் தீர்ந்துவிட்டால், காய்ச்சலில் படுத்திருந்தால், வெளிநாட்டிலிருந்து இங்கே இருக்கிற அப்பா அம்மாவுக்குச் சாமான் அனுப்ப வேண்டுமென்றால் அதற்கு ஈடு இல்லை. மாத மளிகைக்கு அது சரிப்படாது. பொருளின் விலை குறைவாகத் தெரியும், பணம் கட்டப் போகும்போது ஹேண்ட்லிங் கட்டணம், சின்ன ஆர்டர் கட்டணம், மழை பெய்தால் அதற்கொரு கட்டணம் என்று ஒவ்வொன்றாகச் சேரும். டெலிவரி இலவசமாக வேண்டுமே என்று தேவையில்லாத இரண்டு சாக்லேட்டைக் கூடையில் போடுவோம். முதலில் ஒரு விலையைக் காட்டிக் கடைசியில் ஏற்றுவது, கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது உள்ளிட்ட 13 தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. தடை இருக்கிறது என்பதற்காகக் கடைசிப் பக்கத்தைப் பார்க்காமல் பட்டனை அழுத்திவிட வேண்டாம்.

சூப்பர் மார்க்கெட்டில் எனக்குப் பிடித்தது, யாரும் கேள்வி கேட்காமல் நிதானமாகச் சுற்றலாம், தேதி பார்க்கலாம், பில் கையில் கிடைக்கும், பிடிக்கவில்லையென்றால் வைத்துவிட்டு வரலாம். பிடிக்காததும் அதே சுற்றல்தான். பட்டியலில் பன்னிரண்டு சாமான் எழுதிக்கொண்டு போய் வண்டி நிறையத் தள்ளிக்கொண்டு வருவோம். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று வந்த ஜாம் பாட்டில் பல வீட்டு ஃபிரிட்ஜில் இன்னும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போகவே கூடாது. செவ்வாய், புதன் காலை நேரம் நல்லது.

ரேஷனைக் கௌரவம் பார்த்து விட்டுவிடாதீர்கள். அரிசி வாங்கும் அட்டை என்றால், 2007-ல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. வெளியே எந்தக் கடையும் அந்த விலைக்குப் பக்கத்தில்கூட வர முடியாது. கூட்டுறவுக் கடைகளையும் மறந்துவிட்டோம். திருவல்லிக்கேணியில் 1904-ல் ஆரம்பித்த நகர்ப்புறக் கூட்டுறவுச் சங்கம் இந்தியாவில் நுகர்வோர் கூட்டுறவுக்கே முன்னோடி. அந்தச் சங்கத்தின் டி.யு.சி.எஸ். கடை உங்கள் பக்கத்தில் இருந்தால் ஒரு தடவை விலை கேட்டுப் பாருங்கள்.

அண்ணாச்சி கடைகள் இன்னும் எத்தனை நாளைக்கு என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வி சென்னைக்குப் புதிதல்ல. 1996-ல் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஃபுட்வேர்ல்டு சூப்பர் மார்க்கெட் திறந்தபோது கேட்டார்கள். 1997-ல் திருவான்மியூரில் தொடங்கிய சுபிக்‌ஷா தெருவுக்குத் தெரு கிளை விட்டபோது இன்னும் சத்தமாகக் கேட்டார்கள். 2009-ல் சுபிக்‌ஷாதான் மூடியது. 2020 ஊரடங்கில் செயலிகள் திணறி நின்றன, மே மாதம் கோயம்பேடு சந்தையையே பூட்டினார்கள். அப்போதும் பாதி ஷட்டரைத் தூக்கி, வாசலில் கயிறு கட்டி, ஆளுக்கு இரண்டு கிலோ என்று பங்கிட்டுக் கொடுத்தவை தெருக்கடைகள்தான். ஆனாலும் பயம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். வாடகை ஏறுகிறது. கடையில் நிற்க ஊரிலிருந்து பையன்கள் முன்போல வருவதில்லை. அண்ணாச்சிகளின் பிள்ளைகள் இன்ஜினியரிங் முடித்து வேறு வேலைக்குப் போகிறார்கள், போகட்டும், அதற்காகத்தானே அவர் விடிகாலை ஐந்து மணிக்கு ஷட்டரைத் தூக்கினார்.

சரி, யார் எதைத் தேர்ந்தெடுப்பது? வீட்டில் பெரியவர்கள் இருந்து, தினமும் சமையல் நடக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், அண்ணாச்சி கடைதான் முதல். பட்டியலை வாட்ஸப்பில் அனுப்பினால் சாயங்காலத்துக்குள் கடைப் பையன் எக்ஸெல் வண்டியில் கொண்டுவந்து மூன்றாம் மாடி வரைக்கும் ஏற்றிக் கொடுப்பான், அதற்குக் கட்டணம் கிடையாது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய், வாரத்தில் மூன்று நாள் வெளியே சாப்பிடுகிற வீடு என்றால் சூப்பர் மார்க்கெட் மாதம் ஒருமுறையும் அண்ணாச்சி இடையிடையேயும் போதும். தனியாக அறை எடுத்துத் தங்கி நூடுல்ஸும் முட்டையுமாக ஓட்டுகிறவர்களுக்கு எந்தக் கடையாக இருந்தாலும் ஒன்றுதான்.

புதிதாக ஒரு கடைக்குப் போகத் தொடங்கினால் முதல் மாதம் ரொக்கமாகவே வாங்குங்கள். கால் கிலோ உளுந்து, கால் கிலோ துவரம்பருப்பு, கொஞ்சம் புளி என்று வாங்கிச் சமைத்துப் பார்த்து, சரியில்லாததைத் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். சொன்னதும் அவர் முகம் எப்படிப் போகிறது என்பதை வைத்தே அந்தக் கடை தேறுமா தேறாதா என்று தெரிந்துவிடும். பற்று ஆரம்பித்த பிறகு அவரிடம் ஒரு நோட்டு, உங்களிடம் ஒரு நோட்டு என்று வைத்துக்கொண்டு அன்றன்றைக்கே எழுதிவிடுங்கள். சம்பளம் வந்த வாரத்திலேயே கணக்கை நேர் செய்வது நல்லது. இரண்டு மாதம் தள்ளிப்போட்டவர்கள் கடை வழியாகப் போகக் கூச்சப்பட்டு, பஸ் ஸ்டாப்புக்கு இரண்டு தெரு சுற்றிப் போவதை இங்கே அடிக்கடி பார்க்கிறேன்.